தலைமுடி வலையும் மஞ்சள் கோடும்

பிஸ்கட் பாக்கெட்டுக்குள் ஒரு முடி கிடந்தால் புகார்க் கடிதம் கடல் தாண்டிப் போகும். அந்த உறையை அடிக்கிற மெஷினில் ஒரு பையனின் விரல் போனால் சேதி கம்பெனி கேட்டைக்கூடத் தாண்டாது. முடிக்கு ரெஜிஸ்டர் உண்டு. விரலுக்கு? 'உள் தணிக்கை' என்று கம்பெனிகள் பீற்றிக்கொள்கிற சமாச்சாரத்தை இங்கிருந்து பார்க்க ஆரம்பிப்போம்.

நான் நாலு வருஷம் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில் கான்ட்ராக்ட் ஹெல்பர். பேர் வேண்டாம். ஆடிட் வருதுன்னா ஒரு வாரம் முன்னாடியே தெரிஞ்சிடும், பெயிண்ட் வாசத்திலேயே. தரையில் மஞ்சள் கோடு புதுசாகும். முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சு வரும். பன்ச்சிங் மெஷினில் மூணு மாசமாகக் கட்டிப் போட்டிருந்த பாதுகாப்பு ஸ்விட்சை அவிழ்த்து விடுவார்கள். அந்த மெஷினைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலை மாதிரி வாயைத் திறந்து மூடும். திறக்கிற நேரத்துக்குள் வெட்டின அட்டையைக் கையால் எடுத்து, புது அட்டையைக் கையால் வைக்கணும். நிமிஷத்துக்கு இருபது தடவை, ஷிப்ட் முழுக்க. கை குறுக்கே போனால் நிறுத்துகிற தட்டு அதில் உண்டு. ஆனால் அது அடிக்கடி நிறுத்தும், டார்கெட் இடிக்கும். அதனால் கட்டிப் போட்டுவிடுவார்கள். ஆடிட் முடிந்த மறுநாள் திரும்பவும் கட்டு.

யார் தணிக்கை செய்வது? தணிக்கையில் பாரபட்சம் கூடாது என்பது ஐ.எஸ்.ஓ. 9001 கேட்பது. நல்ல விதிதான். இவர்கள் என்ன செய்வார்கள்? ப்ரொடக்ஷன் மேனேஜர் ஸ்டோர்ஸைப் பார்ப்பார், ஸ்டோர்ஸ் மேனேஜர் ப்ரொடக்ஷனைப் பார்ப்பார். சம்பந்திக்குச் சம்பந்தி சாட்சி. ஊர்ப் பஞ்சாயத்து ஞாபகம் வருதா? தப்புப் பண்ணினவனும் தீர்ப்புச் சொல்றவனும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பான். பிராது கொடுத்த சேரிக்காரன் வெயிலில் நிற்பான்.

தரத் தணிக்கை என்கிறார்களே, அதன் பட்டியலை ஒருதரம் படித்துப் பாருங்கள். தலைக்கு வலை. நகம் வெட்டியிருக்கணும். வளையல் கூடாது. காய்ச்சல், பேதி வந்தால் சொல்லணும். உடைத்து உடைத்துப் பயன்படுத்தும் கட்டர் பிளேடு உள்ளே வரக்கூடாது, ஏன்னா துண்டு பெட்டிக்குள் விழுந்துவிடும். சாப்பாட்டுப் பொருள் வைக்கிற பெட்டி, சுத்தம் வேணும், இதை நான் மறுக்கவில்லை. என் பிள்ளையும் அந்த பிஸ்கட்டைத் தின்கிறது. ஆனால் இந்தப் பட்டியலில் தொழிலாளி யார்? அசுத்தம் கொண்டுவருகிறவன். அவன் முடி, அவன் வியர்வை, அவன் வயிறு, இதுகளிடமிருந்து பெட்டியைக் காப்பாத்தணும். இதை நமக்குப் புதுசாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தீட்டு என்ற பேரில் நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறோம். பெட்டியிடமிருந்து, மெஷினிடமிருந்து அந்த உடம்பைக் காப்பாற்றுகிற பட்டியலோ நாலு போஸ்டரோடு முடிந்துபோகிறது.

பிளாஸ்டிக் உறை அடிக்கிற கிராவ்யூர் பிரிவுக்கு வாங்க. மையில் எத்தில் அசிடேட் மாதிரி கரைப்பான்கள். அடித்து முடித்த ஃபிலிமில் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கரைப்பான் தங்கியிருக்கிறது என்று அளக்கத் தனியாகக் கருவி வைத்திருக்கிறார்கள். ரோலுக்கு ரோல் கணக்கு. அதே கரைப்பானில் துணியை நனைத்து மைத்தொட்டியைத் துடைக்கிறானே, அவன் மூச்சில் எவ்வளவு போச்சு என்று அளந்த பேப்பரை யாராவது காட்டட்டும். பிஸ்கட் சுவாசிக்கிறதா, இவன் சுவாசிக்கிறானா?

தணிக்கைக்கு ஒரு பாதை உண்டு. மஞ்சள் கோட்டோடு போய் மஞ்சள் கோட்டோடு திரும்பும். கழிவுக் கொட்டகைக்குப் போகாது. அங்கேதான் நம்ம காலனிப் பெண்கள் வெட்டுத் துண்டுகளை அள்ளி அமுக்கும் மெஷினில் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆடிட் நாளில் "இன்னிக்கு வேல இல்ல, நாளைக்கு வாங்க" என்று பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினதை நான் பார்த்திருக்கிறேன். மை கழுவின தண்ணீர்த் தொட்டியில் சேறு எடுக்கணும்னா கான்ட்ராக்டர் நேரே வருவது நம் தெருவுக்குத்தான். விஷவாயு இருக்கக்கூடிய தொட்டியில் சோதித்து எழுத்தில் சான்று தராமல் ஆளை இறக்கக்கூடாது, இல்லையென்றால் மூச்சுக்கருவி வேணும், இடுப்பில் கட்டின கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருத்தன் பிடித்திருக்கணும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு சொல்லியது. எங்கள் கம்பெனியில் கயிறு இருந்தது. பண்டல் கட்ட.

காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்த இடங்களின் கதை தெரியும்தானே. கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் துணி ஆலைக்கு 2012 ஆகஸ்டில் எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கிடைத்தது. செப்டம்பர் 11ஆம் தேதி தீ. 250 பேருக்கு மேல் செத்தார்கள். தீ வைத்தது பணம் பறிக்கிற கும்பல் என்று 2020இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இருக்கட்டும். கதவைப் பூட்டினது யார், ஜன்னலுக்குக் கம்பி போட்டது யார்? பூட்டையும் கம்பியையும் பார்க்காத கண்ணுக்குப் பேர்தான் தணிக்கையா? அது வெளியிலிருந்து வந்தவன் கொடுத்த சான்று. வெளியாள் கண்ணே இப்படி என்றால் சம்பந்தி கண் எப்படி இருக்கும்! 2016 செப்டம்பர் 10இல் வங்கதேசத்தின் டோங்கியில் டாம்பாகோ ஃபாய்ல்ஸ் எரிந்து கட்டடம் சரிந்தது. சாட்சாத் பேக்கேஜிங் ஆலை. 30 பேருக்கு மேல் பலி. முதலில் பாய்லர் என்றார்கள், பிறகு கேஸ் கசிவு என்றார்கள். செத்தவனுக்கு ரெண்டும் ஒன்றுதான்.

சில தோழர்கள் சொல்கிறார்கள்: "இதெல்லாம் முதலாளி நாடகம், நமக்கெதுக்கு?" நாடகம்தான். ஆனால் சாவு நம் வீட்டில். போபாலுக்குப் பிறகு 1987இல் சேர்த்த 41ஜி பிரிவு, அபாயப் பொருள் கையாளுகிற ஆலைகளில் தொழிலாளியும் நிர்வாகமும் சரிசமமாக உட்காரும் பாதுகாப்புக் குழு வைக்கச் சொன்னது. எத்தனை இடத்தில் அந்தக் குழுவில் கான்ட்ராக்ட் ஆள் ஒருத்தன் நாற்காலியில் உட்கார்ந்தான்? 2020 சட்டத்தொகுப்போ, அரசு உத்தரவு போட்டால் குழு என்கிறது. சங்கங்களும் யோசிக்கணும். பெர்மனென்ட் ஆளுக்குப் போனஸ் பேசுகிற வாய் கழிவுக் கொட்டகையைப் பற்றிப் பேசியதுண்டா?

தணிக்கைக் குழுவில் கான்ட்ராக்ட் தொழிலாளர் தேர்ந்தெடுத்த ஆள் இருக்கணும், பெண்ணும் இருக்கணும். தேதி சொல்லாமல் வரணும், நைட் ஷிப்டிலும் வரணும். எழுதினதை ஷிப்ட் மாறும்போது எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி தமிழில் படிக்கணும். இதைக் கேட்க எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

க்வாலிட்டியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிற தம்பி, உன்னிடம்தான் கடைசியாக. கோட்டா, கான்வென்ட் ஒன்றும் இல்லாமல் பாலிடெக்னிக் முடித்துப் பேட்ஜ் மாட்டியிருக்கிறாய். எங்களுக்கெல்லாம் சந்தோஷம். அந்தப் படிவத்தில் 'காப்பு உள்ளது' என்ற கட்டத்தில் டிக் போடச் சொல்லி உன்னிடம்தான் நீட்டுவார்கள். நாளைக்குக் கை போனால் கையெழுத்து உன்னுடையது என்று காட்டுவதற்காகத்தான் உன்னிடம் நீட்டுகிறார்கள், புரிகிறதா? ஸ்விட்ச் கட்டியிருந்தால் கட்டியிருக்கு என்று தேதி போட்டு எழுது. ஒரு நகல் எடுத்து வை. தனியாக மாட்டிக்கொள்ளாதே, நாலு பேரிடம் சொல்லிவிட்டு எழுது. அப்புறம் மஞ்சள் கோட்டை விட்டு இறங்கிக் கழிவுக் கொட்டகைக்குப் போ. அங்கே இருக்கிற அக்காவிடம் கையைக் காட்டச் சொல். முதலில் பேர் கேள்.