மைதாவா, கோதுமை மாவா?



பள்ளி விடுமுறை வந்தால் சமையல் கடிதங்கள் கூடும். இம்முறை வந்தவற்றில் பாதி டோனட் பற்றி. குளுவாங் வாசகி ஒருவர் சென்னைப் பத்திரிகையில் வந்த செய்முறையைப் பார்த்துச் செய்தாராம். அதில் மைதா என்று போட்டிருந்தது. நம் கடைகளில் அந்தப் பெயரில் பொட்டலம் ஏது? மைதா என்றால் நைசான மாவுதானே என்று, 'சூப்பர்ஃபைன்' என்று எழுதியிருந்ததை வாங்கிவந்திருக்கிறார். எண்ணெயில் போட்டதும் டோனட் உப்பாமல் தட்டையாகப் படுத்துவிட்டது. பிள்ளைகள் அதை மைலோவில் தோய்த்துச் சாப்பிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். நல்ல பிள்ளைகள்.

தவறு அவருடையது அல்ல, பெயருடையது. நம் வீடுகளில் கோதுமை மாவு என்றால் வெள்ளை மாவு, அதாவது மலாய்க்காரர்கள் சொல்லும் தெப்புங் கண்டும். சப்பாத்திக்கு உள்ளதை ஆட்டா என்போம். தமிழ்நாட்டில் அந்த வெள்ளை மாவுக்கு மைதா என்று பெயர். கோதுமை மாவு என்று கேட்டால் பழுப்பான சப்பாத்தி மாவைத்தான் தருவார்கள். இலங்கைத் தமிழரோ நம் கட்சி, அவர்களுக்கும் கோதுமை மா வெள்ளைதான். திருச்சியிலிருந்து வந்த என் உறவுக்கார அக்கா ஒருவர், என் அடுக்களையில் கோதுமை மாவு என்று எழுதிய டின்னைத் திறந்து சப்பாத்திக்குப் பிசைந்துவிட்டு, "என்னடி, இது ரொட்டி சானாய் மாதிரி இழுக்குது?" என்று கேட்டார். சரியாகத்தான் கேட்டார். டோனட்டின் சூட்சுமமே அந்த இழுப்பில்தான் இருக்கிறது.

ஆகவே முன்பக்கப் பெயரை நம்பாமல் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். சத்து அட்டவணையில் புரோட்டீன் என்ற வரியில், 100 கிராம் மாவுக்கு எத்தனை கிராம் என்று இருக்கும். 'சூப்பர்ஃபைன்' என்று விற்கும் கேக் மாவில் 7 முதல் 9 வரை இருக்கும். சாதாரண மாவில் 10 அல்லது 11. தெப்புங் ரோத்தி எனப்படும் ரொட்டி மாவில் 12க்கு மேல். கோதுமையின் புரதம் தண்ணீர் பட்டுப் பிசையப்படும்போது வலைபோலப் பின்னிக்கொள்ளும். அதுதான் குளூட்டன். ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைப்பது அந்த வலை. வலை நொய்ந்திருந்தால் காற்று ஓடிவிடும், அந்த இடத்தில் எண்ணெய் வந்து உட்காரும். குளுவாங்கில் நடந்தது அதுதான். வலை மிஞ்சினாலும் தொல்லை: வட்டமாக வெட்டிய மாவு ரப்பர்போலச் சுருங்கும், பொரித்ததைக் கடித்து இழுக்க வேண்டியிருக்கும்.

நான் கைகண்ட அளவு இது: ரொட்டி மாவு 200 கிராம், சாதாரண மாவு 100 கிராம். ரொட்டி மாவில் 13, மற்றதில் 10 என்றால், கலந்ததில் 12 வரும். டோனட்டுக்கு அது போதும். நம் நாட்டில் 1 கிலோ சாதாரண மாவுக்குக் கட்டுப்பாட்டு விலை 1 வெள்ளி 35 காசு. ரொட்டி மாவு அதைவிடக் கூடுதல். சிக்கனம் பார்ப்பவர்கள் முழுக்கச் சாதாரண மாவிலேயே செய்யலாம், கூடக் கொஞ்ச நேரம் பிசைய வேண்டும். கொஞ்சம் அடக்கமாக உப்பும், ருசி குறையாது.

நானும் பட்டவள்தான். ஒரு தீபாவளிக்கு முன்தினம் அவசரத்தில் 'நாயிக் செண்டிரி' மாவை எடுத்து அதில் ஈஸ்ட்டும் போட்டுவிட்டேன். அந்தத் தானாக உப்பும் மாவு பேக்கிங் பவுடரும் உப்பும் ஏற்கெனவே கலந்தது. ஈஸ்ட்டும் சேர்ந்தால் இரண்டு மாடு ஒரு வண்டியை இரண்டு பக்கம் இழுத்த கதை. மேலே வெடித்து, உள்ளே பொறபொறவென்று வந்தது. அண்ணன் மகன் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அத்தை, இது போண்டாவா?" என்றான். ஈஸ்ட் இல்லாமல், முட்டையும் மோரும் விட்டுச் செய்யும் கேக் டோனட்டுக்கு அந்த மாவு சரிப்படும். அதில் நீங்கள் வேறாக பேக்கிங் பவுடர் போடக் கூடாது, அவ்வளவுதான்.

மாவு சரி, நம் ஊர்ச் சீதோஷ்ணம் என்று ஒன்று இருக்கிறதே. குளிர் நாட்டுச் செய்முறையில் ஒன்றரை மணி நேரம் புளிக்க வை என்பார்கள். ஜொகூர் பாருவில் மத்தியானம் அடுக்களையில் வைத்தால் முக்கால் மணி நேரத்திலேயே மாவு இரட்டிப்பாகிவிடும். அதற்கு மேல் விட்டால் வலை கிழிந்து அமுங்கிவிடும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள். பாலைச் சூடாக்காமல் குளிர்ச்சியாகவே ஊற்றுங்கள். மாவும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், செய்முறையில் சொன்ன அளவில் இரண்டு மேசைக்கரண்டிப் பாலைப் பிடித்து வைத்துத் தேவைப்பட்டால் மட்டும் சேருங்கள். பிசையும்போது கையில் ஒட்டத்தான் செய்யும். ஒட்டுகிறதே என்று மாவைத் தூவிக்கொண்டே போகிறவர்கள்தான் மறுநாள் கல் டோனட் தின்பவர்கள்.

நடுவில் ஓட்டை ஏன் என்று ஒரு சிறுவன் எழுதிக் கேட்டிருக்கிறான். நடுப்பகுதி வேகாமல் நின்றதால் 1847இல் ஹான்சன் கிரிகரி என்ற அமெரிக்க மாலுமி ஓட்டை போட்டதாகச் சொல்வார்கள். உன் பாட்டி உளுந்து வடை தட்டும்போது பக்கத்தில் நின்று பார், தம்பி.

இவ்வளவும் தொல்லை என்பவர்களுக்கு நம் நாட்டிலேயே ஒரு டோனட் இருக்கிறது: மலாய்க்காரர்களின் குவே கெரியா. சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்து மசித்து, பிடிக்கும் அளவுக்கு மட்டும் சாதாரண மாவு சேர்த்து, வளையமாகத் தட்டிப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்டுவார்கள். பாகு காய்ந்து வெள்ளையாகப் பூத்து நிற்கும். இங்கே இழுப்பே வேண்டாம் என்பதால் அதிகம் பிசையவும் கூடாது. கிழங்கை நீரில் அவிக்காமல் ஆவியில் வேகவையுங்கள். நீர் கோத்த கிழங்கு போடும் மாவையெல்லாம் குடித்துவிடும். என்னைக் கேட்டால், மாலைத் தேத்தண்ணீருக்கு டோனட்டைவிட கெரியாவுக்குத்தான் என் ஓட்டு.

உங்கள் வீட்டு மாவுப் பொட்டலத்தில் புரோட்டீன் எத்தனை, அதில் டோனட் எப்படி வந்தது என்று எழுதுங்கள். மாவின் பெயரை மறக்காமல் மலாயிலும் குறிப்பிடுங்கள். தட்டையாக வந்திருந்தாலும் வெட்கப்படாமல் எழுதுங்கள். அடுத்த இதழில் குளுவாங் வாசகிக்குத் துணை வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்