வீட்டுக் கம்ப்யூட்டர்: செலவுக்கு முன் சிந்திப்போம்!

நெய்வேலி வணிகர்களுக்கு வெயிலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திரை பிறந்துவிட்டால் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் கடைத்தெருவில் நடமாட்டம் குறைந்துவிடும், வியாபாரம் மாலையில்தான். இந்த வெயில் காலத்தில் நமது வீடுகளில் இன்னொரு தொல்லையும் ஆண்டுதோறும் தலைதூக்குகிறது. பிள்ளைகள் விளையாடும் கம்ப்யூட்டர் நடுவிலேயே அணைந்துபோகிறது. உடனே, "அப்பா, கிராபிக்ஸ் கார்டு பழசாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும்" என்ற கோரிக்கை கல்லாவைத் தேடி வருகிறது.

இது பிள்ளைகள் சமாச்சாரம், வணிகர் இதழில் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு நம்மில் பலர் கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டோம். தனியாக ஒன்று வாங்க மனமில்லாமல், பகலில் கணக்கு, இரவில் விளையாட்டு என்று ஒரே இயந்திரத்தை இரண்டுக்கும் ஓட்டுகிறோம். ஆக, அந்தப் பெட்டி சூடேறி நின்றால் நமது பேரேடும் அதோடு நிற்கிறது.

நமது உறுப்பினர் ஒருவரின் அனுபவத்தைச் சொல்கிறோம். மே மாதம் 19-ஆம் தேதி மாலை. மறுநாள் மாதாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாள். கம்ப்யூட்டர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்துகொண்டிருந்தது. வெளியூர்க் கடை ஒன்றில் கேட்டதற்கு, கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எம்.பி.எஸ். இரண்டையும் மாற்ற வேண்டும், முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். பணத்தை எண்ணி வைக்கும் முன்பு, பழுது பார்க்கும் உள்ளூர்ப் பையன் ஒருவனைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே பிராசஸர் மேலிருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் புழுதியும் மாவும் சேர்ந்து கம்பளி போல் அடைத்துக்கொண்டிருந்தன. சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றியதற்குச் சில நூறு ரூபாய்தான் செலவு. இயந்திரம் நன்றாக ஓடியது. ஆனால் திடீர் திடீரென்று அணைந்ததில் ஒன்பது நாள் கணக்கு கெட்டுப்போய், இரவெல்லாம் சிட்டைகளைப் பார்த்து மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று.

கம்ப்யூட்டர் விழுங்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. 1993-இல் வந்த முதல் பென்டியம் பிராசஸர் சுமார் 15 வாட்டில் ஓடியது. இன்டெல் நிறுவனத்தின் ஐ9-14900கே பிராசஸரோ முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். கிராபிக்ஸ் கார்டு தனிக்கணக்கு. என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டுக்கு 115 வாட். அதே வரிசையில் உயர்ந்த ரகமான 4090-க்கு 450 வாட். எல்லாம் சேர்ந்து 400 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் என்றால், நான்கு நூறு வாட் குண்டு பல்புகளை ஒரு சிறு பெட்டிக்குள் எரியவிட்டு மூடி வைத்ததற்குச் சமம். தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் நாளைக்கு 2 யூனிட், இரண்டு மாதத்தில் 120 யூனிட். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நம் ஊர் நிலக்கரி ஒரு கிலோவுக்கு மேல் எரிய வேண்டும் என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

நெய்வேலிக்காரர்களுக்கு இது புதிய பாடமல்ல. 1962-இல் மின் உற்பத்தியைத் தொடங்கி 2020-இல் ஓய்வு பெற்ற முதல் அனல் மின் நிலையத்திலும் சரி, இன்றைய புதிய நிலையத்திலும் சரி, நெருப்பு மூட்டுவது பாதி வேலைதான். மிஞ்சிய வெப்பத்தைத் தண்ணீர் மூலம் வெளியேற்றுவது மறு பாதி. குளிர்விக்கும் கோபுரம் நின்றால் டர்பைனும் நிற்க வேண்டியதுதான். இதைத் தினமும் கண்ணால் பார்க்கும் நாம், வீட்டுக் கம்ப்யூட்டரை மட்டும் அலமாரிக்குள் திணித்து, மேலே துணி போட்டு மூடி வைப்பது என்ன நியாயம்?

காற்றில் குளிரும் எந்தக் கருவியும் அறையின் சூட்டை விடக் கீழே இறங்காது. அறையில் 25 டிகிரி இருக்கும்போது 70 டிகிரியில் ஓடும் பிராசஸர், அறையில் 38 டிகிரி ஆனால் ஏறக்குறைய 83 டிகிரிக்குப் போகும். அதன்மேல் தூசி அடைப்பும் சேர்ந்தால் 95, 100 டிகிரியை எட்டும். அப்போது பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். அதிக விலை கொடுத்து வாங்கிய தண்ணீர்க் குளிர்விப்பானும் கடைசியில் அதே அறைக் காற்றில்தான் சூட்டை விட வேண்டும். நம் வீடுகளுக்கு அது அவசியமில்லை என்பதே நமது கருத்து.

மளிகைக் கடைக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். குளிர்பானப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் என்ன ஆகும்? மோட்டார் ஓயாமல் ஓடும், கரண்ட் பில் ஏறும், பாட்டில் குளிராது. வெங்காய மூட்டையைக் காற்றுப் புகாமல் அடுக்கினால் வெந்து அழுகும். கம்ப்யூட்டருக்கும் அதே விதிதான். பின்புறமும் பக்கங்களிலும் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். குளிர்ந்த காற்று முன்பக்கம் நுழைந்து, சூடான காற்று பின்பக்கமும் மேலேயும் வெளியேற வேண்டும். அழகுக்காக முன்பக்கம் முழுவதும் கண்ணாடி போட்டு மூடிய பெட்டிகளை வாங்காமல், சல்லடை போல் துளையிட்ட பெட்டிகளையே வாங்க வேண்டும். ஏர் கூலரின் ஈரக் காற்று நேராகப் படும் இடமும் ஆகாது.

நமது ஊர்ச் செம்மண் புழுதிக்கும் சாம்பலுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்வது அவசியம். கடையிலேயே வைத்திருப்பவர்களுக்கு மிளகாய்த்தூள், மாவு, ஊதுபத்திப் புகை எல்லாம் சேரும். அவர்கள் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மின்விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, புளோயரால் ஊதினால் போதும். தெர்மல் பேஸ்ட்டை இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாம்.

செலவே இல்லாத வழி ஒன்றும் உண்டு. வீட்டு மானிட்டர் நொடிக்கு 60 படம் காட்டக்கூடியது என்றால், கார்டு 150 படம் தயாரிப்பதில் பயனில்லை. அறுபது பேர் சாப்பிடும் கடையில் நூற்றைம்பது பேருக்குச் சமைப்பது போன்றது அது. விளையாட்டின் செட்டிங்கில் 60 என்று வரம்பு வைத்தால் சூடும் குறையும், மின்சாரமும் மிஞ்சும்.

இதையெல்லாம் செய்த பிறகும் போதவில்லை என்றால் தாராளமாகப் புதிய பாகம் வாங்கலாம். அதிலும் வரிசை உண்டு. முதலில் தரமான எஸ்.எம்.பி.எஸ்., அடுத்து பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி., பிறகு ராம், கடைசியில்தான் கிராபிக்ஸ் கார்டு. 2025-இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் தேவையால் ராம் விலை எப்படி ஏறியது என்பதைக் கண்டவர்கள், இருப்பதைக் காப்பாற்றுவதன் அருமையை அறிவார்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்க முடியாத மிகப் பழைய இயந்திரத்தில் இணையத்தோடு சேர்த்துக் கணக்கை வைத்திருப்பது நல்லதல்ல. அங்கே மாற்றம் தேவைதான்.

வாங்கும்போது உள்ளூர்க் கடையில், பில்லோடு வாங்குவோம். ஆன்லைன் வியாபாரம் நம்மை அழிக்கிறது என்று மேடையில் பேசிவிட்டு வீட்டில் ஆன்லைனில் ஆர்டர் போடுவது அழகல்ல. அதேபோல் மகனின் கிராபிக்ஸ் கார்டைக் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணில் வாங்கி உள்ளீட்டு வரி எடுப்பதும் முறையல்ல. சொந்த உபயோகப் பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

பிள்ளைகள் விளையாடக் கூடாது என்பது நமது கட்சியல்ல. கல்லாவை யாரும் விளையாட்டுச் சாமானாகக் கொடுப்பதில்லை. கணக்கையும் அப்படியே பார்க்க வேண்டும். இயன்றவர்கள் கணக்குக்குத் தனியாக ஒரு சிறிய கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளட்டும். இயலாதவர்கள் தினமும் கடை அடைக்கும்போது ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துப் பெட்டியிலிருந்து கழற்றி வைக்கட்டும்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கும் வேளையில்தான் மே 5, நமது வணிகர் தினமும் வருகிறது. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். புதிய கார்டு தேவையா, ஒரு பிரஷ் போதுமா என்பது அப்போது தெரிந்துவிடும்.