புத்தகப்பையைச் சோதித்தால் போதுமா?

அண்மையில் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது, பழக்கமான தாயொருவர் என்னை ஓரமாக அழைத்தார். தரம் 10இல் படிக்கும் மகனின் புத்தகப்பையில் போதை மாத்திரை அகப்பட்டதாம். "இனி வரவேண்டாம் எண்டிட்டினம் ஐயா. பள்ளிக்கூடமும் இல்லையெண்டால் அவன் ஆரோடை திரியப்போறான்?" என்றார். கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டிருந்த எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருப்போருக்கு மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை விதிக்க 2022இல் சட்டம் திருத்தப்பட்டது. 2023 டிசெம்பரில் 'யுக்திய' நடவடிக்கை ஆரம்பமானது. கடத்துபவரைப் பிடிக்கட்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பிள்ளை ஏன் அதை நாடியது என்று கேட்பது யார்?

1983 ஜூலை 23 இரவு இதே திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் கறுப்பு ஜூலை மூண்டது. 2009 வரை போர் நீடித்தது. இன்று தரம் 10இல் இருக்கும் பிள்ளைகள் ஷெல்லடியைக் கண்டதில்லை. அதைக் கண்டு வாயடைத்துப்போன பெற்றோரிடம் வளர்கிறார்கள். யாழ். பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று எழுதியிருக்கிறார்.

நமக்கு வழி தெரியாமலில்லை. வட இலங்கைப் பாடசாலைகளில் 9 முதல் 12 வயது வரையான 399 பிள்ளைகளிடையே நடந்த ஆய்வொன்று 2012இல் வெளியானது. மருத்துவர்களல்லாத, பயிற்சிபெற்ற உள்ளூரவர்களே 5 வாரங்களில் 15 அமர்வுகளை நடத்தினர். பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன. பையன்களின் பதற்றமும் தணிந்தது. ஆனால் பெண்பிள்ளைகளின் மனவடுவுக்கு அது கைகொடுக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே மருந்து என்பது பொருந்தாது. ஒவ்வொரு பிள்ளையையும் அறிந்த ஒருவர் வேண்டும் என்பதே இதில் நான் காணும் பாடம்.

அந்த ஒருவருக்கு உளவளத்துணை ஆசிரியர் என்று பெயரும் உண்டு. பெயர் மட்டும் போதாது. அவருக்கு வேறு பாடங்களைச் சுமத்தாத நேரம் வேண்டும். கதவைச் சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும். உயிராபத்து இல்லாதவரை, பிள்ளை சொன்னது அதிபரின் மேசைக்கோ பொலிஸ் நிலையத்துக்கோ போகாது என்ற உறுதி வேண்டும். விலக்குவது கடைசி நடவடிக்கையாக இருக்கட்டும். முதல் நடவடிக்கையாக வேண்டாம்.

புலம்பெயர்ந்து வாழும் நண்பர்களே, உங்கள் பழைய மாணவர் சங்கங்கள் பாடசாலைகளுக்கு மண்டபமும் நுழைவாயிலும் கட்டிக்கொடுக்கின்றன. நன்றி. அடுத்தமுறை பணம் அனுப்புமுன், உளவளத்துணைக்கு அறை உண்டா, அந்த ஆசிரியருக்கு நேரம் உண்டா என்று அதிபரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்தத் தாயின் மகன் இன்னமும் பாடசாலைக்கு வெளியேதான் நிற்கிறான். விற்பவனும் அங்கேதான் நிற்கிறான்.