உதவ வந்தவர் விழுந்துவிட்டால்...?



2025 ஆகஸ்டு மாதம் திருச்சி மாவட்டம் துறையூரில், அரசியல் பிரச்சாரக் கூட்டத்தினிடையே வந்த 108 ஆம்புலன்சைச் சிலர் மறித்து, அதிலிருந்த பணியாளர்களைத் தாக்கியதாக வழக்குப் பதிவானது. வழக்கம்போல, எந்தக் கட்சி செய்தது என்பதிலேயே பேச்செல்லாம் முடிந்துபோயிற்று. அந்த வாதத்திற்குள் நாம் போகப்போவதில்லை. யாரென்றே தெரியாத ஒருவரின் உயிரைக் காக்க ஓடி வருகிறவர்களின் உயிருக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. அதைத்தான் இன்று சிந்திக்க விரும்புகிறோம்.

தமிழகத்தில் 108 சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. இன்று 1,300க்கும் மேற்பட்ட வாகனங்கள் ஓடுகின்றன. ஒரு வாகனத்தில் வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே பேர்: ஓட்டுநர் ஒருவர், அவசரகால மருத்துவ உதவியாளர் ஒருவர். உதவியாளர்களில் பெண்களும் பலர் உண்டு. நள்ளிரவு நெடுஞ்சாலையானாலும், குடிபோதைச் சண்டை நடக்கும் தெருவானாலும், காவல்துறையோ தீயணைப்புத் துறையோ வருவதற்கு முன்பே இந்த இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

இவர்களுக்குப் பயிற்சியில் கற்றுத்தரப்படும் முதல் பாடம் காயத்தைப் பற்றியது அல்ல, இடத்தைப் பற்றியது. இந்த இடம் பாதுகாப்பானதா? முதலில் தன் பாதுகாப்பு, அடுத்து உடன் வந்தவர், பிறகு சுற்றி நிற்பவர்கள், அதன்பின்தான் நோயாளி. கேட்பதற்கு இது தன்னலம் போலத் தோன்றும். "அங்கே ஒருவர் துடித்துக்கொண்டிருக்கிறார், இவர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்களே" என்று கூட்டம் கோபப்படுவதும் பல நேரங்களில் இங்கேதான் தொடங்குகிறது.

அவர்கள் ஏன் நிற்கிறார்கள்? மின்கம்பி அறுந்து கிடந்தால், மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதியாகும் வரை யாரும் நெருங்கக் கூடாது. ஈரத்தரை வழியாகவும் மின்சாரம் பாயும் என்பதால் பத்து மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். எரிவாயு கசிந்தால் காற்று வரும் திசையிலிருந்துதான் அணுக வேண்டும். சாலை விபத்தில் ஆம்புலன்சைச் சற்றுச் சாய்வாக நிறுத்துவார்கள். பின்னால் வேகமாக வரும் லாரி காயப்பட்டவர்மீதும், குனிந்து வேலை செய்பவர்மீதும் ஏறிவிடாதபடி அந்த வண்டியே தடுப்பாக இருக்கும். வழியை மறித்து நிறுத்திவிட்டார்கள் என்று நாம் ஹாரன் அடித்துத் திட்டுவது பெரும்பாலும் இந்தத் தடுப்பைப் பார்த்துத்தான்.

இதைவிட வேதனையானது கழிவுநீர்த் தொட்டி மரணங்கள். ஒருவர் உள்ளே மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க அண்ணன் இறங்குகிறார், அடுத்து பக்கத்து வீட்டுக்காரர் இறங்குகிறார். நச்சுவாயு மூவரையும் கொல்கிறது. மூடிய குழிகளிலும் தொட்டிகளிலும் இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இலேயே எச்சரித்தது. நம் ஊர்ச் செய்தித்தாள்களும் இதே சோகத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

சாலை விபத்தில் உதவுகிறவரைக் காக்கும் சட்டப் பிரிவு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அந்தப் பிரிவுக்கு நல்ல சமாரியர் என்றே பெயர். நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்குத் தொடர முடியாது. தன் பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆகவே "போலீஸ் கேஸ் ஆகிவிடுமே" என்று ஒதுங்கிப் போக இனி நமக்குக் காரணமில்லை. அதே திருத்தம், ஆம்புலன்சுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கவும் வழி செய்தது.

ஆனால் ஒரு கேள்வி எழலாம். தன் உயிரைப் பொருட்படுத்தாமல் உதவுவதுதானே கிறிஸ்தவ அன்பு? "முதலில் உன்னைப் பார்த்துக்கொள்" என்ற பாடம் அதற்கு எதிரானதல்லவா? எரிகோவுக்குப் போகும் சாலை கள்வர் நிறைந்தது. சமாரியர் அங்கே நின்றது துணிவுதான், அதில் ஐயமில்லை. ஆயினும் அவர் செய்ததை முழுவதும் பாருங்கள். கையிலிருந்த எண்ணெயையும் திராட்சை இரசத்தையும் காயத்திற்குப் பயன்படுத்தினார். அந்த ஆபத்தான இடத்திலேயே தங்கிவிடாமல், காயப்பட்டவரைத் தம் விலங்கின்மீது ஏற்றிச் சத்திரத்திற்குக் கொண்டுபோனார். மேற்கொண்டு ஆகும் செலவுக்கும் ஏற்பாடு செய்தார். அவருடைய இரக்கம் முன்யோசனையோடு நடந்தது. அவரும் அதே சாலையில் விழுந்திருந்தால், சத்திரம் வரை போய்ச் சேர்ந்திருப்பவர் யார்? ஆம்புலன்ஸ் பணியாளர் ஒருவர் விழுந்தால் எதிரே இருக்கும் நோயாளிக்கு மட்டுமல்ல, அடுத்து அழைக்கப்போகும் கர்ப்பிணிக்கும், மாரடைப்பு வந்தவருக்கும் அந்த வண்டி கிடைக்காமல் போகிறது.

இது நமது பங்குகளையும் தொடுகிற காரியம். 2025 மார்ச் 1 அன்று குமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில், தூய அந்தோணியார் ஆலயத் திருவிழா வேலையின்போது இரும்பு ஏணி மின்கம்பியில் உரசியதில் நான்கு பேர் உயிரிழந்தார்கள். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில், கோயில் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் மாண்டார்கள். திருவிழா யாருடையதாக இருந்தாலும் மின்சாரத்திற்கு வேறுபாடு தெரியாது.

எனவே பங்குப் பேரவைகளும் அன்பியங்களும் சில முடிவுகளை எடுக்கலாம். தேர்ப்பவனிக்கு முன்பே மின்வாரியத்திற்கு எழுதி, பவனி நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தச் செய்யலாம். கடைகளும் பந்தல்களும் தெருவை முழுதும் அடைக்காமல், ஆம்புலன்ஸ் வந்து திரும்ப ஒரு வழியை விட்டுவைக்கலாம். கூட்டத்தினிடையே வண்டி வந்தால் வழி ஏற்படுத்தித் தரும் இளைஞர் சிலரை முன்கூட்டியே நியமிக்கலாம். வேளாங்கண்ணிக்கு இரவில் நடந்துபோகிறவர்கள் ஒளிரும் பட்டை அணிந்து, எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி வரிசையாக நடக்கலாம்.

108ஐ அழைக்கும்போது அவசரத்தில் போனைத் துண்டித்துவிடாதீர்கள். ஊர், தெரு, அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். கம்பி அறுந்து கிடக்கிறதா, வாயு நாற்றம் அடிக்கிறதா, சண்டை இன்னும் நடக்கிறதா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் இரண்டு பேரின் உயிரைக் காக்கலாம். பிரதான சாலைக்கு ஒருவரை அனுப்பி வண்டிக்கு வழிகாட்டுங்கள். வந்தபின் அவர்களைச் சூழ்ந்துகொண்டு நெருக்காதீர்கள். எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவது என்று அவர்களோடு சண்டையிடாதீர்கள்.

உறவினரின் பதற்றம் நமக்குப் புரியாததல்ல. வண்டி தாமதமாக வந்தால் கோபம் வருவது இயல்பே. ஆயினும் அந்தத் தாமதத்திற்குக் காரணம் தூரமாகவோ, சாலையாகவோ, வண்டிகளின் பற்றாக்குறையாகவோ இருக்கலாம். அதைக் கேட்க வேண்டிய இடம் அரசு அலுவலகம். நம் வாசலில் மூச்சிரைக்க நிற்கும் அந்த இரண்டு பேர்மீது கை ஓங்கினால், நாம் அடிப்பது நம் வீட்டு நோயாளிக்கு உதவ நீண்டிருக்கும் கையைத்தான்.