மலர் வளையம் வேண்டாம்!

அமெரிக்காவில் ஒருவர் இறந்துவிட்டால், அவருடைய குடும்பத்தார் உள்ளூர்ப் பத்திரிகையில் மரண அறிவிப்பு கொடுப்பார்கள். இறந்தவர் பிறந்த ஊர், பார்த்த வேலை, பிள்ளைகளின் பெயர், பிரார்த்தனை நடக்கும் நேரம் எல்லாம் அதில் இருக்கும். கடைசி வரியைத்தான் கவனிக்க வேண்டும்.

பூவுக்குச் செலவிடும் பணத்தை இன்ன தர்மத்துக்கு அனுப்புங்கள் என்று அந்த வரி சொல்லும்.

இது அங்கே சாதாரண வழக்கம். சிலர் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அனுப்பச் சொல்வார்கள். சிலர் நாய், பூனைகளின் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்வார்கள். இறந்தவர் பழைய பட்டாளத்துக்காரர் என்றால், போரில் அடிபட்டவர்களுக்கு உதவும் ஒரு சங்கத்தின் பெயர் பெரும்பாலும் இருக்கும்.

அப்படிச் சேரும் பணத்தில் ஒரு பகுதி எங்கே போகிறது? கை, கால் இழந்த வீரர்கள் மனைவி மக்களோடு ஏரிக்கரையில் போய் ஒரு வாரம் தங்கிவிட்டு வருகிறார்கள்!

"செத்தவர் பெயரைச் சொல்லி உல்லாசப் பயணமா?" என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த ஏரிக்கரையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு கேட்பது நல்லது.

பூக்கடைக்காரர்கள் கோபம்

இந்த வழக்கம் சண்டை இல்லாமல் வந்துவிடவில்லை. 1950-களில் "தயவு செய்து பூ வேண்டாம்" என்ற வரி பத்திரிகைகளில் பெருகியபோது, பூ வியாபாரிகள் பதறிப் போனார்கள். சாவு வீட்டு வியாபாரம் அவர்களுக்குப் பெரிய வருமானம். அந்த வரியை அச்சிட வேண்டாம் என்று பத்திரிகைக்காரர்களிடம் போய் வாதாடினார்கள். அமெரிக்கச் சவ அடக்கத் தொழிலைப் பற்றி ஜெசிக்கா மிட்போர்டு என்ற பெண் எழுத்தாளர் 1963-ல் எழுதிய புத்தகத்தில், இந்தக் கூத்துக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார்.

வியாபாரிகள் தோற்றார்கள். இன்று "பூவுக்குப் பதிலாக" என்று கொஞ்சம் நயமாக எழுதுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

பணம் அனுப்புகிறவர், இறந்தவர் பெயரையும் எழுதி அனுப்புவார். "இன்னார் உங்கள் கணவர் நினைவாக நன்கொடை தந்தார்" என்று சங்கத்தார் வீட்டுக்கு ஒரு கடிதம் போடுவார்கள். எவ்வளவு தந்தார் என்பதைப் பெரும்பாலும் எழுத மாட்டார்கள். இது நல்ல ஏற்பாடு. 10 டாலர் தந்த பக்கத்து வீட்டுக்காரரும், 1,000 டாலர் தந்த முதலாளியும் அந்தக் கடிதத்தில் சமம். நம் ஊரில் திதி நாளில் அன்னதானம் செய்கிறோமே, கிட்டத்தட்ட அது போலத்தான் இதுவும்.

இரு கை, இரு கால்

டிராவிஸ் மில்ஸ் என்பவர் அமெரிக்க ராணுவத்தில் சார்ஜெண்டாக இருந்தவர். மூன்றாவது தடவையாக ஆப்கானிஸ்தானுக்குப் போயிருந்தார். 2012 ஏப்ரல் 10-ந் தேதி, ரோந்து போன இடத்தில் முதுகுப் பையைத் தரையில் இறக்கி வைத்தார். அடியில் குண்டு புதைத்து வைத்திருந்தார்கள். அது வெடித்தது. இரண்டு கைகளும் இரண்டு கால்களும் போயின. இன்னும் 4 நாள் கழிந்திருந்தால் அவருக்கு 25 வயது நிறைந்திருக்கும். ஊரில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் கை கால் நான்கையும் இழந்து உயிர் பிழைத்த அமெரிக்க வீரர்கள் 5 பேர்தான். மில்ஸ் அவர்களில் ஒருவர். வாஷிங்டனை அடுத்த வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரியில் செயற்கைக் கால்களோடு நடக்கப் பழகினார். தன்னைக் "காயம்பட்ட வீரர்" என்று அழைப்பது அவருக்குப் பிடிக்காது. காயம் ஆறிவிட்டது, தழும்புதான் மிச்சம் என்பது அவர் கட்சி.

அவரும் மனைவியும் 2013-ல் ஒரு தர்ம ஸ்தாபனம் தொடங்கினார்கள். மேய்ன் மாநிலத்தில் ஏரிகள் நிறைந்த பகுதியில் ஒரு பழைய மாளிகையை வாங்கிச் செப்பனிட்டார்கள். 2017-ல் அது திறக்கப்பட்டது.

அந்த மாளிகைக்கு ஒரு கதை உண்டு. பவுடரும் உதட்டுச் சாயமும் விற்றுக் கோடீசுவரியான எலிசபெத் ஆர்டன் அம்மையாருக்குச் சொந்தமாக இருந்த இடம் அது. 1934-ல் அவர் அங்கே ஓர் ஓய்வு விடுதி நடத்தத் தொடங்கினார். பணக்காரச் சீமாட்டிகள் உடம்பு இளைக்கவும் முகம் மினுக்கவும் அங்கே வந்தார்கள். ஆர்டன் 1966-ல் காலமானார். பிறகு விடுதியும் மூடப்பட்டது. சீமாட்டிகள் இளைக்க வந்த அதே இடத்தில் இன்று சக்கர நாற்காலிகள் உருளுகின்றன!

இங்கே வரும் குடும்பத்துக்குப் போக்குவரத்து, சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் இலவசம். கை இல்லாதவரும் படகு விடலாம், கால் இல்லாதவரும் மீன் பிடிக்கலாம். அதற்கென்று சாதனங்கள் இருக்கின்றன.

விர்ஜீனியா மாநிலத்தில் கென் பால்க் என்பவர் செய்ததும் இதே போன்ற காரியம். அவர் கடற்படையில் குண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் வேலை பார்த்தவர். தன் சொந்த நிலத்தில் 37 ஏக்கரைக் கொடுத்தார். அங்கே வீரர்கள் தங்கும் இடம் 2013-ல் திறக்கப்பட்டது.

இது உல்லாசமா?

கை கால் போன ஒருவரின் வீட்டில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். காலையில் அவரை எழுப்பி, குளிப்பாட்டி, உடை மாட்டிவிடுகிறவள் மனைவி. அவள் மனைவியாக இருந்தது போய் நர்சாகிவிடுகிறாள். அப்பாவைத் தொந்தரவு செய்யாதே என்று பிள்ளைகளுக்கு ஓயாமல் சொல்லப்படுகிறது. தெருவில் போனால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஏரிக்கரையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்த அறையில் இருப்பவருக்கும் கால் இல்லை. அவர் மனைவியும் இவர் மனைவியும் சமையல்கட்டுப் பக்கம் உட்கார்ந்து, வேறு யாரிடமும் பேச முடியாததைப் பேசலாம். மகன் அப்பாவோடு படகில் போகிறான். அந்த மகனுக்கு அது உல்லாசம்தான். இருக்கட்டுமே! அதை அவனுக்குத் தருவதில் என்ன குற்றம்?

வாடிப் போகும் பூவைவிட இது மேல். அதுவும் இறந்தவர் பழைய வீரர் என்றால் இன்னும் பொருத்தம். வியட்நாம் போர் 1975-ல் முடிந்தது. அதிலிருந்து திரும்பியவர்களில் எத்தனையோ பேர் இரவில் அலறி எழுந்தார்கள், குடித்தார்கள், வீட்டில் கை ஓங்கினார்கள். அது ஒரு நோய் என்று அமெரிக்க மனநோய் டாக்டர்களின் அதிகாரபூர்வமான நூலில் பெயர் ஏறியதே 1980-ல்தான். அவர்களுக்கு ஏரிக்கரையும் இல்லை, படகும் இல்லை. இப்போது அந்தத் தலைமுறை ஒவ்வொருவராக மறைகிறது. தனக்குக் கிடைக்காத ஓய்வு, தன் பெயரால் ஓர் இளம் வீரனுக்குக் கிடைக்கட்டும் என்று அவர்கள் நினைத்தால், கல்லில் பெயர் வெட்டுவதைக் காட்டிலும் அது பெரிது.

யார் பொறுப்பு?

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு வாரத்துக்குப் பிறகு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். 2022-ம் ஆண்டில் மட்டும் 6,407 முன்னாள் வீரர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்கிறது அமெரிக்க அரசாங்கத்தின் கணக்கு. நாள் ஒன்றுக்கு 17 பேருக்கு மேல்! இந்தத் துயரத்தைப் படகுச் சவாரி தீர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இதற்கு டாக்டர் வேண்டும், மருந்து வேண்டும், வருஷக்கணக்கில் கவனிப்பு வேண்டும். அதைத் தரும் கடமை, போருக்கு அனுப்பிய அரசாங்கத்தைச் சேர்ந்தது.

அடிபட்ட வீரரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவருக்கு மாதந்தோறும் பணம் தர 2010-ல் அங்கே சட்டம் செய்தார்கள். முதலில் 2001-க்குப் பிறகு அடிபட்டவர்களின் குடும்பங்களுக்கு மட்டும்தான். வியட்நாம் வீரர்களின் கிழ மனைவிமார் 2020 வரை காத்திருந்தார்கள். தர்மவான்கள் இருக்கிறார்கள் என்று சர்க்கார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அந்தத் தர்மம் சர்க்காரின் சோம்பலுக்குப் போட்ட திரை ஆகிவிடும்.

தர்ம ஸ்தாபனங்களிலும் எல்லோரும் யோக்கியர்கள் அல்ல. வீரர்களுக்கு உதவும் பெரிய சங்கம் ஒன்று, ஊழியர்களின் கூட்டத்தை ஆடம்பர ஓட்டலில் வைத்து ஏராளமாகச் செலவு செய்கிறது என்று 2016-ல் செய்தி வெளியாயிற்று. தலைமை அதிகாரிகள் இருவர் பதவி இழந்தார்கள். அந்தச் சங்கத்துக்கு வந்த நன்கொடையும் சரிந்தது. அங்கே தர்ம ஸ்தாபனங்கள் ஆண்டுதோறும் அரசாங்கத்துக்குக் கொடுக்கும் கணக்கை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். நிர்வாகிக்கு என்ன சம்பளம் என்பதுகூட அதில் இருக்கும். கணக்கைக் காட்டத் தயங்கும் சங்கத்துக்கு அனுப்புவதைவிட ரோஜாப் பூவே வாங்கிவிடலாம்!

இதை யார் பார்ப்பது? சாவு விழுந்த வீட்டில், பத்திரிகைக்கு அறிவிப்பு எழுதக் கிடைப்பது ஓரிரு நாள்தான். அழுதுகொண்டிருக்கும் பெண் கணக்குப் புத்தகம் பார்ப்பாளா? அதனால்தான் சில பழைய வீரர்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே விசாரித்து, பிடித்த சங்கத்தின் பெயரையும் விலாசத்தையும் ஒரு தாளில் எழுதி, இன்ஷூரன்ஸ் பத்திரத்தோடு பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். அந்த நாள் வரும்போது, மனைவி அதைப் பார்த்துக் கடைசி வரியை எழுதினால் போதும்.