குமரிக்கண்டமும் பந்தல்குடிக் கல்லும்

பிரளய வெள்ளத்தைச் சிவன் பூமிக்குள் சுழித்து இறக்கினார் என்கிறது அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள திருச்சுழியின் தலபுராணம். அதை யாரும் நிலவியல் என்று வாதிடுவதில்லை. தெற்கே கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் குமரிக்கண்டத்துக்கு மட்டும் அந்த நிதானம் நமக்கு வருவதில்லை. 1981 மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் அது திரைப்படமாகவே காட்டப்பட்டது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் இருப்பதற்கு விளக்கமாக 1864இல் ஆங்கில விலங்கியலாளர் பிலிப் ஸ்கிலேட்டர் ஊகித்ததுதான், பின்னர் குமரிக்கண்டத்தோடு ஒன்றாக்கப்பட்ட லெமூரியா. சான்றாகக் காட்டப்படும் இறையனார் களவியல் உரை பேசுவது கடல்கொண்ட சங்க நகரங்களை; மடகாஸ்கர் வரை நீளும் கண்டத்தை அல்ல. சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் கடல்கொண்ட நிலம் எழுநூற்றுக் காவதம் என்றாரே என்பார்கள். சொன்னார்தான், ஆனால் அது நெடுங்காலம் கழித்து வந்த உரைகாரர் கேள்விப்பட்ட கணக்கு, அளந்த கணக்கு அல்ல. பனியுகம் முடிந்து கடல் சுமார் 120 மீட்டர் உயர்ந்ததே என்ற மறுப்பு இன்னும் வலுவானது. உண்மைதான், மன்னார் வளைகுடாப் பக்கம் கரைநிலம் மூழ்கியது. கரை இழந்த நினைவு பாட்டிலும் கதையிலும் தங்கியிருக்கலாம். ஆனால் அதற்குத் தெற்கே ஆழ்கடலின் தரை எரிமலைப் பாறையால் ஆனது, மூழ்கிய கண்டம் அங்கே இல்லை.

நமக்கு நிஜமாகவே ஒரு பழைய கண்டம் உண்டு: கோண்டுவானா. நடு இந்தியக் கோண்டு மக்களின் நாட்டுப் பெயரே அதற்கு. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் அது ஒன்றுசேர்ந்தபோது வெந்து உருமாறிய பாறைகள்தான் அருப்புக்கோட்டை வட்டாரத்துக் கரிசலுக்கு அடியில் கிடக்கின்றன. மடகாஸ்கரிலும் அவற்றின் உறவுப் பாறைகள் உண்டு. அருப்புக்கோட்டைப் பள்ளிகள் பிள்ளைகளுக்கு முதலில் அந்தப் பாறைகளில் ஒன்றான, பக்கத்துப் பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல்லைக் காட்டட்டும்.