கோடைக்காலக் கல்லூரி விடுதிக்குப் பிள்ளையை அனுப்பும் முன்

அமெரிக்காவில் குடியேறி வாழும் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில், பத்தாம் வகுப்பிலோ பதினோராம் வகுப்பிலோ ஒரு பிள்ளை இருக்குமானால், பனிக்காலம் முடியும் முன்பே ஒரு பேச்சு எழுந்துவிடுகிறது. கோடை விடுமுறையில் ஏதேனும் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டு வாரமோ ஆறு வாரமோ விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும் என்பது பிள்ளையின் ஆசை. அனுப்பலாமா, கூடாதா என்று நம் வீடுகளில் இரவு நெடுநேரம் விவாதம் நடக்கிறது. ஊரில் இருக்கும் வாப்பிச்சா வரையில் கருத்துக் கேட்கப்படுகிறது. ஆனால் அனுப்புவது என்று முடிவான பிறகு, அந்நிறுவனம் அனுப்பும் விதிமுறை ஏட்டைத் திறந்து முழுமையாகப் படிக்கிறவர்கள் நம்மில் மிகச் சிலரே.

நமக்கு நன்கு அறிமுகமான ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். மகனுக்குப் பதினாறு வயது. தொழுகையில் பேணுதல் உடையவன். மூன்று வாரத் திட்டம் ஒன்றில் சேர்ந்திருந்தான். முதல் வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில், வளாகத்திலிருந்து ஒன்றரை மைல் தொலைவில் இருந்த பள்ளிவாசலுக்கு ஜும்ஆ தொழச் சென்றான். அவ்வூரில் வசிக்கும் உறவுக்கார இளைஞர் ஒருவர் தம் காரில் அழைத்துச் சென்றார். வெளியே செல்வோர் ஒப்பமிட வேண்டிய பதிவேட்டில் அவன் ஒப்பமிடவில்லை. பிற்பகல் வகுப்பில் அவனைக் காணவில்லை, விடுதியிலும் இல்லை, தொழுகைக்காகக் கைப்பேசியையும் அணைத்து வைத்திருந்தான். அவன் திரும்பி வந்தபோது வளாகக் காவலர்கள் அவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை அத்தாவுக்கு அழைப்பு வந்தது. அனுமதியின்றி வெளியேறியது ஒரு விதிமீறல்; நிர்வாகம் அறியாத ஒருவரின் வாகனத்தில் ஏறியது இரண்டாவது; இன்னொன்று நடந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்றார்கள்.

"தொழப் போன பிள்ளையையா தண்டிக்கிறார்கள்?" என்று அந்த அத்தா கொதித்தார். கேட்ட கணத்தில் நாமும் அவ்வாறே நினைத்தோம். பிறகு, அவர் நிரப்பி அனுப்பிய படிவத்தைப் பார்த்தோம். சமயம் சார்ந்த தேவைகள் ஏதேனும் உண்டா என்று கேட்டு, எழுதுவதற்கு இடமும் விட்டிருந்தார்கள். அந்த இடம் வெறுமையாக இருந்தது. நடத்தை விதிகளின் கீழே மகனின் பெயரைத் தட்டச்சு செய்து, படித்து ஒப்புக்கொண்டதாகக் குறியிட்டவரும் அத்தாவே. மகன் அந்த விதிகளைக் கண்ணால் கண்டதே இல்லை. "நீங்க எழுதியிருப்பீங்கன்னு நெனச்சேன் அத்தா" என்றானாம்.

அந்த நிர்வாகம் ஜும்ஆவைத் தடுக்கவில்லை. உம்மா எழுதிய ஒரு மின்னஞ்சலுக்குப் பின், அடுத்த வெள்ளிக்கிழமை விடுதிப் பொறுப்பாளர் ஒருவரே அவனையும் வேறு இரு மாணவர்களையும் பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்று, வெளியே காத்திருந்து, திரும்பக் கூட்டி வந்தார். அவ்விரு மாணவர்களும் முதல் வாரம் ஜும்ஆவுக்குச் செல்ல வழி தெரியாமல் அறையில் லுஹர் தொழுதவர்கள்.

இதில் நமக்கு உறுத்துவது, பிள்ளையின் வாக்குறுதியைப் பிள்ளை அறியாமலே நாம் கொடுத்துவிட்டோம் என்பதே. அல்-மாயிதா அத்தியாயம் ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சொல்லும் கட்டளையோடுதான் தொடங்குகிறது. மார்க்கக் கூட்டங்களில் இதனைப் பலமுறை கேட்டிருக்கிறோம். கணினித் திரையில் ஒரு சிறு கட்டத்தைச் சொடுக்குவதும் ஓர் ஒப்பந்தமே என்பது மட்டும் நமக்கு ஏனோ தோன்றுவதில்லை. பருவமடைந்த பிள்ளை தன் செயலுக்குத் தானே பொறுப்பாளி என்று கற்பிக்கும் நாம், அவன் பெயரில் அவனுக்குத் தெரியாமல் ஒப்பமிடுவது எவ்வகையில் பொருந்தும்?

அந்த ஏட்டில் அப்படி என்னதான் இருக்கிறது? படித்துப் பார்க்கும் பெற்றோர் பலர் வியப்படைகிறார்கள். மது, புகை, மின்சிகரெட், கஞ்சா எதற்கும் இடமில்லை. பெரியவர்களுக்குக் கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்கும் மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களிலும் இதுவே விதி. ஆணும் பெண்ணும் ஒருவர் அறைக்குள் ஒருவர் செல்லத் தடை அல்லது கடுமையான கட்டுப்பாடு உண்டு. இரவில் குறித்த நேரத்துக்குள் விடுதிக்குத் திரும்பி, பொறுப்பாளரிடம் நேரில் முகம் காட்ட வேண்டும். சொந்தக் கார் கொண்டுவரக் கூடாது. வகுப்பைத் தவறவிடக் கூடாது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் நிறுவனம் இவ்வாறுதான் நடந்துகொள்ள முடியும். நாம் அஞ்சுகிற பலவற்றை அந்த ஏடும் அஞ்சுகிறது. ஆயினும் ஒரு திட்டத்தின் விதியை வைத்து இன்னொன்றை ஊகித்துவிடக் கூடாது. பெருநகர வளாகங்களில் நடைபெறும் நீண்ட திட்டங்கள் சில, வகுப்பு முடிந்தபின் மாணவர்கள் நகருக்குள் தாமாகச் சென்றுவர விடுகின்றன. அறை ஒதுக்கீட்டு முறையும் இடத்துக்கு இடம் மாறுகிறது. தன் பாலார் மட்டும் தங்கும் தளமும் குளியலறையும் வேண்டுமென்றால், அதனைப் படிவத்திலேயே எழுத வேண்டும். பெட்டியோடு போய் இறங்கிய பிறகு கேட்பதில் பயனில்லை.

திருச்சி ஜமால் முகமது கல்லூரி விடுதியிலோ சென்னைப் புதுக்கல்லூரி விடுதியிலோ தங்கிப் படித்த அத்தாமார் நம்மில் பலர் உண்டு. அங்கே பாங்கு சொன்னால் அறையிலேயே காதில் விழும். தொழுகைக்கென எவரிடமும் எழுதிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த நினைவோடு இங்குள்ள விடுதியை அணுகுவதால்தான் படிவத்தின் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறோம் போலும்.

தொழுகை நேரத்தையே எடுத்துக்கொள்வோம். ஜூன் மாத இறுதியில் பாஸ்டனில் சூரியன் மறைய ஏறத்தாழ 8.25 மணி ஆகிறது. இஷா நேரம் தொடங்குவது பத்து மணிக்குப் பின். ஃபஜ்ர் நேரமோ அதிகாலை மூன்றரைக்கு முன்பே வந்துவிடும். ஐந்து மணி கடந்த சில நிமிடங்களில் சூரியன் உதித்துவிடும். இரவு வருகைக் கணக்கெடுப்பு முடிந்த பின் பிள்ளை இஷாவை அறையிலேயே தொழ வேண்டியிருக்கும். ஃபஜ்ருக்கு அலாரம் ஒலித்தால், முன்பின் அறியாத அறைத்தோழன் மூன்றே நாளில் முறையிடுவான். அவன் முறையிடுவதும் நியாயமே. மணிக்கட்டில் அதிரும் கடிகாரம் ஒன்று இதனைத் தீர்த்துவிடும். முதல் நாளே அறைத்தோழனிடம், "நான் விடியலுக்கு முன் எழுந்து தொழுவேன், விளக்கைப் போடமாட்டேன்" என்று சொல்லிவிடுவது அதனினும் சிறந்தது. பொதுக் குளியலறையின் கைகழுவும் தொட்டியில் கால் கழுவி உளூச் செய்யும்போது தரையெல்லாம் நீராகும். ஒரு சிறு துண்டு கொண்டுபோய்த் துடைத்துவிட்டு வரவேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். கழிவறைக்கு ஒரு வெறும் தண்ணீர்ப் புட்டி. இவற்றையெல்லாம் எந்த விதிமுறை ஏடும் எழுதியிருக்காது.

எழுதியிருப்பதையும் நாம் கவனிப்பதில்லை. சாம்பிராணி, ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, சோறு வேகவைக்கும் மின்குக்கர் ஆகியவை தீத்தடுப்பு விதிகளின்படி பெரும்பாலான விடுதி அறைகளில் தடை செய்யப்பட்டவை. மின்கெண்டிக்கும் பல இடங்களில் இதே நிலை. பாசத்தோடு உம்மா பெட்டியின் அடியில் வைத்தனுப்பும் பொருள், புகை உணரியைக் கிளப்பி, நள்ளிரவில் விடுதி முழுவதையும் தெருவில் நிறுத்திவிடும்.

உணவுக்கு மற்றொரு படிவம் இருக்கிறது. ஹலால் இறைச்சி கிடைக்கும் வளாகங்கள் இப்போது பெருகியுள்ளன, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் கல்வியாண்டில் கிடைப்பது கோடையிலும் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. விடுமுறையில் சில உணவுக்கூடங்கள் மூடப்படுகின்றன. ஆகவே குறிப்பாக, தேதியிட்டு, எழுத்தில் கேளுங்கள். ஆஷூரா நோன்பு 2025இல் ஜூலை முதல் வாரத்தில், பல திட்டங்கள் நடந்துகொண்டிருந்த நாள்களிலேயே வந்தது. ஸஹருக்கு ஒரு பொதி உணவை முந்தின மாலையே கட்டித்தர முடியுமா என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். கேட்க வேண்டும், அவ்வளவே.

மருத்துவப் படிவத்தில் நம்மவர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. முதலாவது தடுப்பூசிச் சான்று. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றுக்குமான எம்எம்ஆர், டெட்டனஸ், மூளைக்காய்ச்சலுக்கான மெனிங்கோகாக்கல் ஊசி முதலியவற்றைக் கேட்பார்கள். அமெரிக்காவில் நெடுங்காலமாக வழக்கிலுள்ள எம்எம்ஆர் ஊசியில் பன்றியிலிருந்து பெறும் ஜெலட்டின் இருப்பதால், சில குடும்பங்கள் தயங்குகின்றன. 1995இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய மருத்துவ அமைப்பின் ஆய்வரங்கம், அத்தகைய ஜெலட்டின் தன் மூல இயல்பிலிருந்து முற்றிலும் மாறிவிட்ட பொருள் என்று கூறி அனுமதித்தது. அதிலும் மனம் அமைதி அடையாதவர்களுக்கு, ஜெலட்டின் சேராத பிரயோரிக்ஸ் என்னும் ஊசிக்கு 2022ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் ஒப்புதல் உண்டு. மருத்துவரிடம் கேட்டால் வரவழைத்துத் தரக்கூடும்.

இரண்டாவது மருந்துகள். ஊரிலிருந்து வரும்போது வாங்கிவந்த காய்ச்சல் மாத்திரைகளைப் பட்டையிலிருந்து பிரித்து ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்புவது நம் வழக்கம். பெயரில்லாத டப்பாவில் இருக்கும் மாத்திரை விடுதிப் பொறுப்பாளரின் பார்வையில் போதைப்பொருளாகவும் இருக்கலாம். மருந்துக்கடைச் சீட்டு ஒட்டிய அசல் குப்பியில், படிவத்தில் குறிப்பிட்டே அனுப்ப வேண்டும். கைவைத்தியச் சூரணத்தை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

மதிப்பெண் பற்றியும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இத்திட்டங்களில் சில வெறும் பயிற்சி; சிலவற்றில் உண்மையான கல்லூரிப் பாடம், உண்மையான மதிப்பெண். இரண்டாம் வகையில் பெறும் மதிப்பெண் அப்பல்கலைக்கழகத்தின் நிரந்தர ஏட்டில் பதிந்துவிடும்; பிற்காலத்தில் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது அதனைக் காட்டும்படி கேட்கப்படலாம். 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கல்விப் பதிவுச் சட்டத்தின்படி, உயர்கல்வி நிறுவனத்தில் மாணவராகச் சேர்ந்துவிட்டால், வயது பதினாறே ஆனாலும், அங்குள்ள பதிவுகளின் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மாறிவிடுகிறது. பணம் கட்டியவர் நாமாயினும், அலுவலகத்தை அழைத்து மகளின் மதிப்பெண்ணைக் கேட்டால், அவளது ஒப்புதலைக் கேட்பார்கள். சினம் கொள்வதில் பொருளில்லை. பாடம் கடினமாக இருந்தால், விலகுவதற்கான கடைசி நாளுக்கு முன் பிள்ளை நம்மிடம் அஞ்சாமல் சொல்லும்படியான உறவு வீட்டில் இருக்க வேண்டும். அதைச் சட்டம் தராது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். பல ஆயிரம் டாலர் கட்டணம் பெறும் திட்டத்தில் சேர்ந்துவிட்டால் அதே பல்கலைக்கழகத்தில் பின்னாளில் இடம் கிடைத்துவிடும் என்று நம்மவர்கள் நம்புகிறார்கள். அது வீண் நம்பிக்கை. நடத்தை விதியை மீறி வெளியேற்றப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்காது என்றும், உடனடியாக வந்து அழைத்துச் செல்ல வேண்டும் என்றும் பெரும்பாலான ஏடுகளில் இருக்கும். மாறாக, கட்டணமே இல்லாத ஆறு வாரத் திட்டங்களும் உண்டு. எம்ஐடியின் மைட்ஸ் திட்டத்துக்கு அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும். ஆகவே எச்-1பி விசாவில் வந்த பெற்றோரின் பிள்ளைகள் பலருக்கு அக்கதவு அடைபட்டிருக்கிறது. 1954 முதல் கோடைக் கருத்தரங்குகள் நடத்திவரும் டெல்லுரைடு சங்கமும் கட்டணம் பெறுவதில்லை. இவற்றில் இடம் பெறுவது கடினமே. முயன்று பார்ப்பதற்கு நம் பிள்ளைகளுக்கு என்ன குறை?

மகள்களைப் பற்றிய வினா இல்லாமல் இக்கட்டுரை முடியாது. மஹ்ரம் துணையின்றிப் பெண்பிள்ளை வெளியூரில் தங்குவது குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அவரவர் நம்பும் ஆலிமிடம் கேட்டு முடிவெடுங்கள். நாம் ஃபத்வா வழங்க வரவில்லை. ஆனால் ஒன்றைக் கண்டிருக்கிறோம். மகனை அனுப்பும்போது படிவத்தைப் படிக்காத வீடு, மகள் கேட்கும்போதும் படிப்பதில்லை, படிக்காமலே மறுத்துவிடுகிறது. மாசசூசெட்ஸின் நார்த்தாம்டனில் உள்ள ஸ்மித் மகளிர் கல்லூரி, மாணவியருக்கென்றே கோடை விடுதித் திட்டங்களை நடத்திவருகிறது. வீட்டிலிருந்தே சென்றுவரும் பகல்நேர மாணவர்களைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. இந்த வழிகள் இருப்பதையே அறியாமல் சொல்லும் மறுப்பை, அந்தப் பெண் நெடுங்காலம் நினைவில் வைத்திருப்பாள்.

ஏற்புக் கடிதம் வந்ததும் விதிமுறை ஏட்டை ஒரு மாலைப்பொழுதில் பிள்ளையையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நடத்தை விதியின் கீழ் அவனே, அவளே ஒப்பமிடட்டும். அதன்பின் நிர்வாகத்துக்கு ஒரு மின்னஞ்சல். அதையும் பிள்ளையே எழுதலாம், பெற்றோர் முகவரியையும் சேர்த்துக்கொண்டு. நீளம் வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை எந்த நேரத்தில், எந்தப் பள்ளிவாசலுக்கு, எவ்வளவு நேரம், அன்று தவறும் வகுப்பை எவ்வாறு ஈடுசெய்வது, அழைத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டவர்களின் பெயரும் எண்ணும், உணவுத் தேவை, வளாகத்தில் அமைதியாகத் தொழ ஓர் இடம். இவ்வளவு போதும். பல பெரிய பல்கலைக்கழகங்களில் முஸ்லிம் மாணவர்களுக்கென ஒரு சமய ஆலோசகர் இருக்கிறார். கோடையில் அவர் விடுப்பில் இருக்கக்கூடும் என்பதால் அவருக்கும் மே மாதத்திலேயே எழுதிவிடுங்கள். பதில் வரும்போது அதனை ஒரு தாளில் அச்சிட்டுப் பிள்ளையின் பையில் வையுங்கள். மின்னஞ்சலைப் படித்தவர் ஒருவராகவும் வெள்ளிக்கிழமை பணியில் இருக்கும் விடுதிப் பொறுப்பாளர் வேறொருவராகவும் இருப்பது அங்கெல்லாம் வழக்கம்.